நாற்பத்தைந்தால் பெருக்கியவர்

உலகத்தில் எத்தனை நாடு எத்தனை விதமாக நோட்டு அடித்தாலும், எங்கள் ‘டாலர்’ அண்ணனுக்கு அத்தனையும் டாலர்தான். டாலர் நாற்பத்தைந்து ரூபாய் விற்ற காலம் அது; கம்ப்யூட்டரில் எந்த விலையைப் பார்த்தாலும் நாற்பத்தைந்தால் பெருக்குவார். வந்த விடையைப் பார்த்து அதிர்வார். அதிர்ந்து முடித்ததும் அதை என் தலையில் இறக்கிவைப்பார். தல்லாகுளத்தில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தில் எனக்கு வாய்த்தது அவருடைய பக்கத்து மேஜை. இன்றைக்கு நினைத்தாலும் கொட்டாவி வருகிறது.

அண்ணனுக்கு உடம்பு சராசரி. பாதம் மட்டும், ஆள் வளர்ந்து முடித்த பிறகும் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போயிருந்தது. டவுன்ஹால் ரோட்டில் அவர் படியேறினாலே ஷூ கடைக்காரர்கள் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். சொந்த ஊரான டி. கல்லுப்பட்டியில் ஒருவர் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் தோல் செருப்புதான் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும். அந்தச் செருப்புக்காரர் ஒரு ஷூவும் தைத்துப் பார்த்தார். அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் நடந்தபோது இரண்டு பரிசல்கள் தரையில் நகர்வதுபோல் இருந்தது.

மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை சென்னையில் சாஃப்ட்வேர். வரவேற்பில் சம்பந்தி வீட்டார் எல்லாரும் கோட்டு சூட்டாம். ஒரு நாள் மதியம் அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே?”

“பாப்பா ஒண்ணு சொல்லிருச்சு மாப்ள. ‘ரிசப்ஷன்ல மட்டும் செருப்பு வேணாம்ப்பா’ன்னு. அம்புட்டுதான் சொல்லுச்சு. அதுக்கப்புறம் மொகத்தைத் திருப்பிக்கிருச்சு.”

மனசு கேட்கவில்லை. “நெட்ல வெளிநாட்டுக்காரங்க விக்கிறாங்கண்ணே, பெரிய சைஸெல்லாம் கெடைக்கும்” என்றேன். வாயை மூடிக்கொண்டு என் தயிர்சாதத்தைத் தின்றிருக்கலாம்.

அன்றிலிருந்து என் மதிய இடைவேளை கோரிப்பாளையம் பிரவுசிங் சென்டரில் கழிந்தது. ஒரு படம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். முதலில் வந்தது ஜப்பான் ஷூ. ஐயாயிரம் யென். அண்ணன் பெருக்கினார்.

“ரெண்டே கால் லட்சமா! எங்க வீட்டுக் கல்யாணச் செலவே அம்புட்டுதான்டா!”

“அண்ணே, அது டாலர் இல்ல, யென். ரெண்டாயிரம் ரூபாதான் வரும்.”

“எனக்கே சொல்றியா? ஒய்ல ரெண்டு கோடு போட்டிருக்கான் பாரு. டாலரு புது டிசைன்.”

நான் விளக்கி முடிப்பதற்குள் அந்த ஷூவை யாரோ வாங்கிவிட்டார்கள்.

டாலர் இல்லை என்று அவராக ஒப்புக்கொண்டது ஒரே ஒரு முறைதான். இந்தோனேசியக்காரர் ஒருவர் விலைக்கு முன்னால் ‘ஆர்.பி.’ என்று போட்டு நாலு லட்சம் கேட்டிருந்தார். “இது நம்ம ரூபா! ஏமாத்தப் பாக்குறான்!” என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அது ருப்பியா, நம் காசுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் என்று நான் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் தமுக்கம் மைதானம் வரை நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் திரும்பவே இல்லை.

கடைசியாக ஹாங்காங்கில் ஒரு ஜோடி கிடைத்தது. கறுப்பு, பளபளப்பு, முன்னூற்று இருபது டாலர். இந்த முறை டாலர் குறியே போட்டிருந்ததால் அண்ணனுக்கு வெற்றிக்களை. “பதினாலாயிரத்து நானூறு. வேணாம் மாப்ள, நான் செருப்போடயே நின்னுக்குறேன்” என்றார்.

“அண்ணே, டாலர்னா ஒரு டாலர் இல்லண்ணே. அமெரிக்காக்காரன் டாலர் வேற, ஹாங்காங்காரன் டாலர் வேற. இதை ஆறால பெருக்குங்க போதும்.”

அண்ணன் விரல்விட்டுப் பெருக்கினார். “அப்ப ரெண்டாயிரத்துக்குள்ளயா? ஏன்டா, ஆளாளுக்கு ஒரே பேரை வச்சா மனுசன் என்னடா செய்வான்?”

“சைஸ் நாப்பத்தேழுண்ணே. அதையும் பெருக்கிறாதீங்க.”

அலுவலகத்திலேயே கிரெடிட் கார்டு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதையும் கொடுத்துத் தொலைத்தேன். ‘ஷிப்பிங்’ தனி என்று கண்டதும், “கப்பல்லயா வருது? கல்யாணத்துக்குள்ள வந்து சேருமா?” என்று தினமும் காலையில் கேட்டார். பேங்க் பில் வந்ததும், “பேப்பர்ல போட்ட ரேட்டு ஒண்ணு, ஒங்க பேங்க் போட்ட ரேட்டு ஒண்ணு. நடுவுல எவன் தின்னான்?” என்று ஒரு வாரம் என்னை விசாரித்தார். தின்றவன் நான்தான் என்பதுபோலவே பார்த்தார். தபால்காரர் பார்சலைக் கொண்டுவந்து சுங்க வரியும் கேட்டபோது, நான் லீவு போட்டு வீட்டில் படுத்துவிட்டேன்.

அழகர்கோவில் ரோட்டு மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் நின்ற பாப்பா, அப்பா வருவதைக் கண்டதும் முதலில் அவர் காலைத்தான் பார்த்தது. பிறகு முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான், அலங்காரமெல்லாம் கலைய அழுதுவிட்டது. சம்பந்தி வீட்டார் என்ன ஏது என்று பதறினார்கள். அண்ணனோ போட்டோக்காரரிடம், “நெஞ்சோட நிறுத்திறாதப்பா, கால் வரைக்கும் எடு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புது ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்புளமாக்கியிருந்தது. ஷூ போட்டுப் பழக்கமில்லாதவர் நாடாவை முடிச்சுமேல் முடிச்சாக இறுக்கிவைத்திருந்தார்.

“அவுக்கத் தெரியல மாப்ள. பாப்பா பாத்துச்சுன்னா சங்கடப்படும்.”

எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. கீழே உட்கார்ந்து அந்தப் பெரிய காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். அவருக்கு வலிக்கக்கூடாதே என்று, ஒவ்வொரு முடிச்சாக, மெதுவாகவே அவிழ்த்தேன்.