பாட்டில்லாப் படத்துக்கு ஒரு கெட்டிமேளம்

மைக்கைப் பிடித்தால் எனக்கு வாய் முன்னே ஓடும், புத்தி பின்னால் நடந்து வரும். மாத்தளையில் என்னைத் தெரிந்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள்.

அப்போது எங்கள் சினிமா ரசிகர் வட்டத்தில் மொத்தம் ஒன்பது பேர். (ஒன்பதாவது ஆள் வடைக்காக வருபவர்.) நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய ஊமைப் படம் ஒன்றைத் திரையிட ஏற்பாடு செய்தோம். மேடையில் சக்கைப்போடு போட்ட காதல் இசை நாடகம் ஒன்றை, பாட்டே கேட்காத படமாக எடுத்திருந்தார்கள். கதையைத் தமிழில் சொல்வது நான். இசைக்குக் கோயில் மேளகாரர்கள். (கல்யாண வீடுகளில் மைக் பிடித்துத் திரிந்த எனக்கு வேறு யாரைத் தெரியும்?)

படமா முக்கியம்? நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சுமதியின் அப்பா வருகிறார், அதுதான் முக்கியம். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரி. "அந்தப் பையன் எப்படின்னு ஒருக்கா பாக்குறேன், பொறகு கல்யாணத்தப் பத்திப் பேசுவோம்" என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்ததுமே கேட்டார்: "பாட்டு நாடகம்ங்கிறீங்க, பாட்டே கேக்காதுங்கிறீங்க. அப்ப என்னத்தத்தான் தம்பி காட்டப் போறீங்க?"

"நம்ம மேளம் இருக்குங்களே, மாமா" என்றேன். (மாமாவாம். அதற்குள்.)

முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. சிப்பாயும் பாட்டுக்காரியும் காதலிக்க, நாதஸ்வரம் குழைந்தது. நான் சுமதியைப் பார்த்துக்கொண்டே கதை சொன்னேன். அவள் நீலச் சேலையில் வந்திருந்தாள், நான் என்ன செய்ய? சட்டென்று திரையைப் பார்த்தால், ஒருத்தன் அந்தப் பெண்ணின் கழுத்தில் எதையோ கட்டுகிறான். பழக்கதோஷம்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று மைக்கில் கத்திவிட்டேன்.

தவில்காரர் பிளந்துகட்டினார். பெண்கள் தலையிலிருந்த பூவைக் கிள்ளித் திரையை நோக்கி எறிந்தார்கள். பிறகுதான் உற்றுப் பார்த்தேன். கட்டியவன் சிப்பாய் இல்லை. நகையைக் காட்டி அவளை மடக்கப் பார்த்த கிழட்டுப் பிரபு. அவள் அழுகிறாள், மேளம் நிற்கவில்லை. வாசலில் சிப்பாய் திகைத்து நிற்கிறான்.

மண்டபமே சிரித்தது. சுமதி இனி எனக்கில்லை என்றே நினைத்தேன்.

படம் முடிந்ததும் அவள் அப்பா நிதானமாக வந்தார். "கட்டி வச்சுட்டீங்களே தம்பி. இனி அந்தச் சிப்பாய்ப் பையன் என்ன பண்ணுவான்?"

நான் மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"நீங்க படத்தப் பாத்திருந்தாத்தானே. எங்க பாத்தீங்கன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஞாயித்துக்கெழம வீட்டுப் பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க."

எங்கள் கல்யாணத்தில் நான் தாலியைக் கையில் எடுத்தும் மேளம் முழங்கவில்லை. அதே தவில்காரர், குச்சியைத் தூக்கியபடி மாமாவைக் கேட்டார்: "ஐயா, இந்த மொற ஆளு சரிதானுங்களே? அடிக்கலாமா?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்போதைக்கு அடிங்க" என்றார்.

இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் சுமதி தம்புள்ளைக்குத்தான் போன் போடுவாள்: "அப்பா, ஆளு சரிதானான்னு இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க."