பத்தொன்பதில் தொண்ணூற்றைந்து சதவீதம்

“பத்தொன்பது பேர்ல தொண்ணூத்தஞ்சு சதவீதம்னா எத்தனை பேரு, ஆர்லிஸ் மிஸ்?”

மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டு ஆறாம் வகுப்பு டோவா இப்படிக் கேட்டபோது ஆர்லிஸ் பச்சை பீன்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் தொலைபேசி அவள் பொறுப்பு. யாருக்காவது மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சு அவள் பொறுப்பு. சமையல்காரி வராத நாளில் கரண்டியும் அவள் பொறுப்பு. போதாததற்கு அந்த வருஷம் மாநிலத் தேர்வையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். குழந்தை தானாக வந்து கணக்குக் கேட்கிறதே என்று அவளுக்குப் பூரித்துப் போனது.

“பதினெட்டும் கொஞ்சமும் வரும் கண்ணு. பதினெட்டு முழு ஆளு, கூட ஒரு சுண்டு விரல்.”

“சுண்டு விரல் மட்டும் வந்து பரீட்சை எழுதுமா?”

“அது எப்படி எழுதும்? அதுக்காகப் பத்தொன்பதாவது ஆளும் முழுசா வந்தாகணும்.”

டோவா பீன்ஸைப் பார்த்தாள். பிறகு ஆர்லிஸைப் பார்த்தாள்.

“அப்ப நான் வராட்டி?”

கரண்டி அந்தரத்தில் நின்றது.

முந்தின நாள்தான் தலைமையாசிரியர் டெல்வின் நகரத்தில் நடந்த கூட்டத்துக்குப் போய், பனி பிடிப்பதற்குள் வீடு சேர வேண்டுமென்று, கூட்டம் முடியுமுன்பே மதியத்தோடு கிளம்பி வந்திருந்தார். வந்தவர் காலையில் பிள்ளைகளை எல்லாம் உட்காரவைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை இருக்கிற பத்தொன்பது பேரும் மாநிலத் தேர்வு எழுத வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது உட்கார்ந்து எழுதாவிட்டால் வாஷிங்டனிலிருந்து வரும் பணம் நின்றுபோகும். கனடா எல்லையை ஒட்டிய அந்தப் புல்வெளியில், கோதுமைக் கிடங்குக்கும் தேவாலயத்துக்கும் நடுவே ஒற்றைக் கட்டடமாக நிற்கிற பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பணம் என்றால் இரண்டே விஷயம்தான். ஒன்று, வாசிப்பு சொல்லித்தரும் ஆசிரியை. இன்னொன்று, ஆர்லிஸ் உட்காரும் நாற்காலி.

அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அதற்கே அவள் உருவம் வந்துவிட்டிருந்தது. அது போனால் அடுத்த வேலை பக்கத்து ஊர்ப் பெட்ரோல் நிலையத்தில்தான். குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டிச் சாலையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். ஆர்லிஸுக்கு வண்டி ஓட்டவே பயம்.

ஆகவே டோவா, தேர்வன்று பீன்ஸுக்குப் பதிலாகப் பொரித்த உருளைக்கிழங்கு உருண்டை போட்டால் கட்டாயம் வருவேன் என்று சொன்னபோது ஆர்லிஸ் சரி என்றாள். சின்ன ஆசைதானே என்று நினைத்தாள்.

அன்று கடைசி மணி அடித்தபோது அவள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. அந்த ஊரில் சலுகை விலைக்குக் குளிர்கோட்டு விற்றால்கூட அப்படி வரிசை நிற்காது. ஒவ்வொரு பிள்ளையும் தான்தான் அந்தப் பத்தொன்பதாவது ஆள் என்று கண்டுபிடித்திருந்தது. சதவீதக் கணக்கை அவர்கள் மண்டையில் ஏற்ற டெல்வின் இரண்டு வருஷமாகப் படாத பாடு பட்டும் ஏறவில்லை. அரை நாளில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

எட்டாம் வகுப்பு கனுட், தாயில்லாத ஆட்டுக்குட்டி ஒன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தான். அதைக் கூட்டிவரலாம் என்றால் வருவானாம். இரட்டையர் இருவருக்கும் செருப்பு, சாக்ஸ் இல்லாமல் எழுத வேண்டுமாம். ஏழாம் வகுப்புக்காரர்கள் மூவர் ஒன்றாகக் கலந்துபேசி, தலைமையாசிரியர் மீசையை எடுக்க வேண்டும் என்றார்கள். கடைசியாக வந்தது மூன்றாம் வகுப்பு பெர்னெல். அது வாயே திறக்காத குழந்தை.

“உனக்கு என்ன வேணும் கண்ணு?”

“ஒண்ணும் வேணாம். நான் யோசிக்கணும்.”

ஆர்லிஸுக்கு மற்ற எல்லோரையும்விட இந்தக் குழந்தையை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

டெல்வினிடம் போய்ச் சொன்னாள். மீசை விஷயத்தைக் கடைசியில் மெல்லச் சொன்னாள். கல்லூரி நாளிலிருந்து வளர்த்த மீசை அது. அவர் மனைவிகூட மீசையைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டார் என்று ஊரில் பேச்சு. மீசைக்கும் கல்வித் தரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். பிறகு, பிள்ளைகளிடம் என்ன பேச்சு, பெற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னால் ஒரு அதட்டலில் முடிந்துபோகும் என்றார்.

ஆர்லிஸ் வீடு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

கனுட்டின் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையன் தேர்வுக்கு வருவதில் ஆட்சேபமே இல்லை என்றார். ஆனால் இது மாடு கன்று போடுகிற சமயம். பையன் இங்கே பென்சில் பிடித்தால் அங்கே தொழுவத்தில் யார் உட்காருவது? பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஆள் அனுப்பினால் நல்லது. இரட்டையரின் அம்மா, பள்ளிப் பேருந்து வீட்டு வாசலுக்கே வந்து திரும்பினால் யோசிக்கலாம் என்றாள். பெர்னெலின் அப்பா, மகள் என்ன சொன்னாள் என்று கேட்டார். யோசிக்கணும் என்றாள் என்றதும், அப்படியானால் தானும் யோசிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

ஒத்திகையாக இருக்கட்டும் என்று டெல்வின் ஒரு நாள் கனுட் வீட்டுத் தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்தார். போனது கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. அன்றைக்கென்று பார்த்து மாடு கன்று போட்டது. திரும்பி வந்தபோது கோட்டை மனைவி வீட்டுக்குள் விடவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஆர்லிஸுக்கு அந்த யோசனை வந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். பத்தொன்பது பேர் இருப்பதால்தானே ஒவ்வொருவனும் ராஜாவாக இருக்கிறான்? இருபது பேர் இருந்தால்? இருபதில் தொண்ணூற்றைந்து சதவீதம் சரியாகப் பத்தொன்பது. ஒருத்தன் முறுக்கிக்கொண்டு வீட்டில் கிடந்தாலும் குடி முழுகிப் போகாது. யாருடைய மிரட்டலும் செல்லாது.

சொன்னதும் டெல்வின் எழுந்து நின்று அவள் கையைக் குலுக்கினார். ஆனால் அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு வராமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு பையன்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரமோனாவின் மகன் கிடியன், ஐந்தாம் வகுப்பு வயது. ரமோனா அரசாங்கப் பள்ளிக்கூடமே ஆகாது என்று அவனுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறவள். லத்தீன்கூடச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஆர்லிஸ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆமை வேகத்தில் அங்கே போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டாள். குழந்தையின் நன்மை, சமூகத்தோடு பழகுதல், கூடைப்பந்து. ரமோனா கதவைத் திறந்தாள். அவள் பின்னால் கிடியன், ஆர்லிஸின் வண்டி ஏன் அவ்வளவு மெதுவாக வந்தது, பனியில் உப்புப் போட்டால் ஏன் உருகுகிறது, உப்பு கடலில் எப்படி வந்தது என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ரமோனா, குழந்தையோட நன்மைக்காக…” என்று ஆர்லிஸ் ஆரம்பித்தாள்.

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்றாள் ரமோனா. “நான் சூடா ஒரு காப்பி குடிச்சு ஆறு வருஷம் ஆச்சு ஆர்லிஸ். இன்னிக்கே கூட்டிட்டுப் போறியா?”

மறுநாள் காலை கிடியனின் பெயர் கணினியில் ஏறியது. ஆர்லிஸ் அன்று உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளை நிற்கவைத்து, இனி யாருக்கும் எந்தச் சலுகையும் கிடையாது, ஒரு ஆள் வராவிட்டாலும் பள்ளிக்கூடம் பிழைத்துக்கொள்ளும் என்று அறிவித்தாள். தன் வாழ்நாளிலேயே அவள் அவ்வளவு அதிகாரமாகப் பேசியதில்லை. பேசிவிட்டு அந்தச் சுகத்தில் ஒரு நிமிஷம் நின்றாள்.

“அப்ப ஒருத்தர் வர வேண்டாம்” என்றாள் டோவா.

“ஆமா.”

“அது நான்தான்” என்றாள் டோவா.

“நான்தான்” என்றான் கனுட். இரட்டையர் தாங்கள் பிறந்ததே ஒன்றாகத்தான், ஆகவே இருவரும் ஒரே ஆள் என்றார்கள். மதியத்துக்குள் பள்ளிக்கூடம் முழுவதும் அந்த ஒற்றை விடுமுறைக்கு அடித்துக்கொண்டது. நேற்றுவரை ஒவ்வொருவரும் தான் இல்லாமல் நடக்காது என்றார்கள். இன்று ஒவ்வொருவரும் தான் இல்லாமலே நடக்கும் என்றார்கள். ஆர்லிஸ் ராத்திரி தூங்காமல் போட்ட கணக்கெல்லாம் ஒரே ஒருவன் வரமாட்டான் என்றுதான். இருபது பேரும் வரமாட்டோம் என்பார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றாள். தோற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டான் கிடியன். அவனே பதிலும் சொன்னான். பழைய ரோமில் இப்படித்தான் சாமானிய ஜனங்கள் எல்லோரும் ஒரு நாள் மொத்தமாக ஊரைவிட்டு வெளியேறிக் குன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்களாம். பெரிய மனிதர்கள் தாங்களே ரொட்டி சுடத் தெரியாமல், பின்னாலேயே போய்க் கெஞ்சி எல்லாவற்றையும் கொடுத்தார்களாம். வகுப்பு முழுவதும் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டது. டெல்வின் வரலாறு நடத்தும்போது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

“அந்தக் குன்று எவ்வளவு உயரம் இருக்கும்?” என்று கனுட் கேட்டான்.

சாயங்காலமே சங்கம் அமைந்துவிட்டது. டோவா தலைவி, கிடியன் ஆலோசகர். இனித் தனித்தனிப் பேச்சு இல்லை. எல்லாம் கொடுத்தால் எல்லோரும் வருவோம், ஒன்று குறைந்தாலும் ஒருவரும் வரமாட்டோம். பழைய கோரிக்கைகளோடு புதிதாக ஒன்றும் சேர்ந்திருந்தது. தேர்வு முடிந்ததும் ஆர்லிஸ் மிஸ் எல்லோர் முன்னாலும் பாட வேண்டும். பெர்னெலுக்கு மட்டும் கோரிக்கை இல்லை. அது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் தேர்வைப் பார்வையிட மாநிலத்திலிருந்து ஓர் ஆள் வருகிறார் என்று செய்தி வந்தது. அதுவரை அந்த ஊருக்கு அப்படி யாரும் வந்ததில்லை. ஆர்லிஸுக்குக் கை கால் ஓடவில்லை. சுவரில் விடைக்கு உதவும் எதுவும் தெரியக்கூடாது என்பது விதி. ஆகவே அவளும் வாசிப்பு ஆசிரியையும் பழுப்புக் காகிதம் எடுத்து வாய்ப்பாட்டை மூடினார்கள், எழுத்துக்களை மூடினார்கள், தேசப்படத்தை மூடினார்கள். கடிகாரத்தில் எண்கள் இருக்கின்றனவே என்று ஆசிரியை கேட்டாள். அதையும் மூடினார்கள். பிறகு மணி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

தேர்வு நாள். டெல்வின் மீசை இல்லாமல் வந்தார். அந்த மேலுதட்டை அதுவரை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. வெளுத்துப்போய், குளிருக்குப் புதிதாக இருந்தது. வாசிப்பு ஆசிரியை அவரைப் பார்த்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டாள். பேருந்து இரட்டையரின் வாசலில் போய்த் திரும்பி, அவர்கள் வேலியைச் சாய்த்துவிட்டு வந்தது. பேருந்து ஓட்டுநரின் தம்பி கனுட்டின் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் உருளைக்கிழங்கு பொரிந்துகொண்டிருந்தது. மாநிலத்து ஆள், சண்ட்பி என்று பெயர், கழுத்தில் அட்டை தொங்க, பின் வரிசை நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

ஆர்லிஸ் தலைகளை எண்ணினாள். பதினெட்டு.

மறுபடி எண்ணினாள். பதினெட்டுதான். கனுட்டும் இல்லை, கிடியனும் இல்லை. தன் நாற்காலி தன்னை விட்டு நகர்வதுபோல அவளுக்கு இருந்தது.

கனுட் மூச்சிரைக்க உள்ளே வந்தான். ஆட்டுக்குட்டிக்குப் பேருந்து பிடிக்கவில்லையாம், நடத்திக் கூட்டிவந்தானாம். இனி கிடியன். ஒருத்தன் வராவிட்டால் பரவாயில்லை என்று கணக்குச் சொன்னது. ஆனால் சங்கம் பென்சிலைத் தொடவில்லை. ஆலோசகர் வராமல் ஆரம்பிக்க முடியாது என்றாள் டோவா. ரமோனா வீட்டில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டெல்வின் கோட்டைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். இரவு உடுப்போடு, ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்ட கிடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தார்.

“ஏன் கடிகாரத்துக்குக் காகிதம் சுத்தியிருக்கு?” என்றான் கிடியன்.

“எழுதுடா” என்றார் டெல்வின்.

எழுதினார்கள். இருபது பேரும் எழுதினார்கள். இரட்டையர் வெறுங்காலோடு எழுதினார்கள். ஆட்டுக்குட்டி தேசப்படத்துக் காகிதத்தில் பாதி தின்றது. பெர்னெல் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, யோசித்தாயிற்று என்று ஆர்லிஸிடம் வந்து சொன்னது. என்ன யோசித்தது என்று யாரும் கேட்கவில்லை.

முடிந்ததும் ஆர்லிஸ் பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு, தேவாலயத்தில் உதட்டை மட்டும் அசைக்கிற பாட்டைக் குரலோடு பாடினாள். குரல் நடுங்கியது. ஆனால் நாற்காலி தன்னுடையதுதான் என்று தெரிந்த ஒருத்தியின் பாட்டு அது. பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். டெல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் உருளைக்கிழங்குக்கு ஓடிய பிறகு, டெல்வின் சண்ட்பியிடம் கை நீட்டி, இருபதுக்கு இருபது, நூறு சதவீதம், வாஷிங்டன் பணத்துக்கு இனி ஒரு பயமும் இல்லையே என்று பெருமையாகக் கேட்டார்.

சண்ட்பி ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டே சொன்னார்:

“இல்ல இல்ல, பிரமாதம். சொல்லப்போனா உங்களுக்குப் பயமே இருந்திருக்க வேண்டாம். இருபது பேருக்குக் கீழ இருக்கிற பள்ளிக்கூடத்துல யாரு எவ்வளவு மார்க்குன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்னு நாங்க அதக் கணக்குலயே எடுக்கிறதில்ல. போன வாரம் நீங்க ஒரு பையனைச் சேர்த்தீங்க பாருங்க, அன்னியிலேர்ந்துதான் இந்த விதியே உங்களுக்குப் பொருந்துது.”

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கிடியன், எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று யாரையோ கேட்பது கேட்டது.

டெல்வின் ஆர்லிஸைப் பார்த்தார். ஆர்லிஸ் சுவரைப் பார்த்தாள். அவர் மெல்லக் கோட்டை எடுத்து மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கதவைத் திறந்து, வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.