பிளாஸ்திரியின் சத்தியம்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கம்பெனி போன் அடித்தது. அடிக்கவே கூடாத நேரம். லிஃப்ட் மெக்கானிக் அதை முறைத்துப் பார்த்தார். அவருடைய இன்னொரு கையில் சொந்த போன் இருந்தது. அதில் பதினேழு பேர் இரும்புக் கோட்டையின் வாசலில் வாளும் வில்லுமாக நின்றுகொண்டு, அவர் வாயிலிருந்து "கிளம்பலாம்" என்ற சொல் வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் அறையில் அவருக்காக யாரும் காத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் டீ குடிக்கப் போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனால் கில்டில் அவர்தான் தலைவர். கில்டு என்பது ஆன்லைன் விளையாட்டில் ஒன்றாகச் சேர்ந்து சண்டை போடும் கூட்டம். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. பட்டப்பெயர்தான் பெயர்.

அந்தப் பதவிக்கு அவர் தகுதியானவர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருவருக்குப் பரீட்சை என்றால் சண்டையைத் தள்ளிவைப்பார். ஒருவர் கை முறிந்து மூன்று மாதம் வரவில்லை. அவருடைய பங்குக் கேடயத்தை யாரும் தொடாமல் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டதெல்லாம் மூன்றே விதிகள். வருகிறேன் என்றால் வர வேண்டும். நடுவில் எழுந்து போகக் கூடாது. விழுந்தவரை விட்டுவிட்டு முன்னேறக் கூடாது. மூன்றும் தலைவருக்கும் சேர்த்துத்தான் என்று அவரே அடிக்கோடிட்டிருந்தார்.

இரண்டாவது விதியால்தான் இன்றைக்குத் தலைவலி. இரும்புக் கோட்டையில் அவர்கள் ஆறு முறை தோற்றிருந்தார்கள். ஆறு முறையும் காரணம் பிளாஸ்திரி.

பிளாஸ்திரிதான் கில்டின் வைத்தியர். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது அவர் வேலை. குரலில் பேசமாட்டார், எழுத்தில்தான் பேசுவார். சண்டை உச்சத்தில் இருக்கும்போது "யாரோ கதவு தட்டுறாங்க, ஒரு நிமிஷம்" என்று எழுதிவிட்டு மறைவார். வைத்தியர் இல்லாமல் மற்றவர்கள் கொத்துக்கொத்தாகச் சாவார்கள். நிஜத்திலும் டாக்டராக இருப்பார், நோயாளிகள் வருகிறார்கள் போலிருக்கிறது என்று கில்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆறாவது தோல்விக்குப் பிறகு பிளாஸ்திரியை நீக்க வேண்டும் என்று எல்லோரும் கொடி பிடித்தார்கள். தலைவர் ஒரே வார்த்தை சொன்னார்: "இன்னும் ஒரு தடவை. அதுவும் போச்சுன்னா அவரோட சேர்ந்து நானும் விலகிடறேன்."

பிளாஸ்திரி எழுதினார்: "இந்தத் தடவை யார் வந்து தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன். சத்தியம்."

அந்தத் தடவை இன்றைக்குத்தான். கம்பெனி போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"எங்கய்யா இருக்கீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"சர்வீஸ் ரூம்லதான் சார்."

"எதிர்த்தாப்புல இருக்கிற பத்து மாடிக் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நிக்குதாம். உள்ள ஆள் இருக்காம். ஓடுங்க."

"சார், இன்னிக்கு வெளிய போறது என் டியூட்டி இல்லியே..."

"டியூட்டிக்காரர் லீவு. நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே, இல்ல வேற ஏதாவதா?"

வேற ஏதாவதுதான் என்று சொல்ல நா துடித்தது. அடக்கிக்கொண்டார். எதிர்க் கட்டடம்தானே, பத்து நிமிட வேலை. ஒரு கையில் கோட்டை, ஒரு கையில் லிஃப்ட், சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். மைக்கில் கம்பீரமாக "கிளம்பலாம்!" என்றார். மைக்கை அணைத்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கருவிப்பையுடன் தெருவைத் தாண்டி ஓடினார்.

கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் திரிசங்குவாக நின்றிருந்தது. நான்காவது மாடி நடையில் கட்டடக் காவலாளியைச் சுற்றி ஏழு பேர் கூடி நின்றார்கள். நடுவில் நின்ற பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணிங்க! நாங்க ஊர்லேருந்து இப்பதான் வந்து இறங்கினோம். பால் வாங்கிட்டு வந்துடறேன்னு போனாங்க. இப்படி ஆயிடுச்சே!"

மெக்கானிக் கதவில் ஓங்கித் தட்டினார். "அம்மா! உள்ள லிஃப்டை நிறுத்தற சிவப்புப் பட்டனை ஏதாவது அமுக்கியிருக்கீங்களா?"

பதில் இல்லை.

"பத்து நிமிஷமா நாங்களும் தட்டறோம். சத்தமே இல்ல" என்றார் காவலாளி.

"அண்ணி மயக்கமாயிட்டாங்க!" என்று நாத்தனார் முடிவே கட்டிவிட்டார். அவருடைய கணவர் அமைதியாக ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.

மயக்கம் என்றதும் மெக்கானிக் கருவிப்பையைத் தூக்கினார். மொட்டை மாடியில்தான் மோட்டார் அறை. ஓடுகிற லிஃப்டில் ஏறினார். ஏறியதும் கை தானாகப் போனை எடுத்தது. லிஃப்டுக்குள்ளும் சிக்னல் ஜோராகக் கிடைத்ததில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கோட்டைக்குள் நிலைமை சந்தோஷமாக இல்லை. அவருடைய வீரன் வாசலிலேயே மரம்போல நின்றிருந்தான். 'அவசரம்' என்ற பட்டப்பெயர்க்காரர் பெயருக்கு ஏற்றபடி முன்னால் பாய்ந்து, காவல் பூதத்தை எழுப்பிவிட்டிருந்தார்.

"தலைவரே, என்னாச்சு? நகரவே மாட்டேங்கறீங்க!"

"நெட்வொர்க் சரியில்ல. வரேன், வரேன்!"

அவர் சொன்ன முதல் பொய் அது. வீரனை ஓட்டிக்கொண்டே மோட்டார் அறைக்குள் நுழைந்தார். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய சுவிட்சுகள். நின்றுபோன லிஃப்டின் மின்சாரத்தை முதலில் துண்டிக்க வேண்டும். அதே நொடியில் பூதம் தன் உலக்கையை ஓங்கியது. ஒரு கண் உலக்கையில், ஒரு கண் சுவரில் இருக்க, அவர் ஒரு சுவிட்சை இறக்கினார்.

கீழே எங்கிருந்தோ ஒரு ஆண்குரல் அலறியது.

காவலாளி படியேறி மூச்சிரைக்க வந்தார். "ஓடிட்டிருந்த லிஃப்டையும் நிறுத்திட்டீங்களே! உள்ள நம்ம குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஐயா!"

"ஐயையோ!" என்று மெக்கானிக் சுவிட்சை ஏற்றினார். அந்த லிஃப்ட் உயிர்பெற்றது. ஆனால் செயலாளர் கேட்ட ஒன்பதாவது மாடிக்குப் போகாமல், தன் வழக்கப்படி தரைத்தளத்துக்குப் போய்த்தான் கதவைத் திறந்தது. மறுபடி லிஃப்டில் ஏற மறுத்துவிட்ட செயலாளர், மெக்கானிக்கை நேரில் திட்டுவதற்காகப் பத்து மாடியையும் நடந்தே ஏறத் தொடங்கினார்.

இந்தக் களேபரத்தில் பூதத்தின் உலக்கை வீரன் தலையில் இறங்கிவிட்டது. நூறு இருந்த உயிர் பன்னிரண்டு ஆகிவிட்டது. அடுத்த அடி விழுந்தால் கதை முடிந்தது. கில்டு போகும், தலைவர் பதவி போகும், பிளாஸ்திரியும் போவார். கீழே ஒரு பெண் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். எதைச் செய்ய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த மனுஷரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

மைக்கைத் திறந்தார். "எல்லாரும் கேளுங்க. நெட்வொர்க்னு சொன்னது பொய். நான் வேலையில இருக்கேன். இங்க ஒரு உயிர் மாட்டியிருக்கு, நான்தான் வெளிய எடுக்கணும். ரெண்டாவது விதியை நானே மீறுறேன். மன்னிச்சிடுங்க. பிளாஸ்திரியை எதுவும் சொல்லாதீங்க, இது என் தப்பு."

"மூணாவது விதி என்ன தலைவரே?" என்றார் அவசரம்.

"விழுந்தவரை..."

"அதேதான். போய் வேலையைப் பாருங்க. டேய், எல்லாரும் தலைவரைச் சுத்தி நில்லுங்கடா!"

திரையில் எழுத்து ஓடியது. பிளாஸ்திரி: "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க உயிர் என் பொறுப்பு. போங்க."

மெக்கானிக் போனை மோட்டார் மூடியின்மேல் சாய்த்து வைத்தார். சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இம்முறை சரியான சுவிட்சை இறக்கினார். காவலாளியைப் பிரேக்கை நெம்பிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்றுக்கு லிஃப்ட் ஒரு விரற்கடை மேலே வரும். விழிபிதுங்கும் வேலை.

போனிலிருந்து கூச்சல் வந்துகொண்டே இருந்தது.

"தலைவருக்கு ஒம்பதுதான் இருக்கு!"

"பிளாஸ்திரி ஏத்தறார், ஏத்தறார்! முப்பது! நாப்பது!"

"யோவ் பிளாஸ்திரி, இன்னிக்கு நீ மனுஷனே இல்லய்யா!"

மெக்கானிக் சக்கரத்தை வேகமாகச் சுற்றினார்.

"என்னய்யா, திடீர்னு குறி தவறுது?" என்று அவசரம் கத்தினார்.

பிளாஸ்திரி எழுதினார்: "ஆடுது."

"என்ன ஆடுது?"

"ஒண்ணுமில்ல. பாத்துக்கறேன்."

மெக்கானிக்குக்கு அதையெல்லாம் படிக்க நேரமில்லை. ஊரே தன் பின்னால் நிற்கிற தெம்பில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். கயிற்றில் இருந்த மஞ்சள் குறி நேருக்கு வந்தது. நான்காவது மாடி!

போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். எட்டாவது மாடியில் எதிரே ஏறி வந்த செயலாளர், "யோவ், உன்னைத்தான்..." என்று ஆரம்பிப்பதற்குள் அவரைத் தாண்டிவிட்டார். செயலாளர் நொந்துபோய்த் திரும்பி இறங்கத் தொடங்கினார்.

நான்காவது மாடியில் நாத்தனார் தண்ணீர்ச் சொம்புடன் தயாராக நின்றார். மெக்கானிக் சாவியை நுழைத்துத் திருப்பினார். கதவு விலகியது.

"ஜெயிச்சுட்டோம் தலைவரே! கோட்டை விழுந்திருச்சு!" என்று அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து அவசரம் கத்தினார்.

அதே கத்தல், அதே நொடியில், லிஃப்டுக்குள்ளிருந்தும் கேட்டது.

உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். கழுத்துக்கு இறங்கியிருந்த ஹெட்போனிலிருந்துதான் சத்தம். கையில் போன். திரையில் வெள்ளை அங்கி அணிந்த வைத்தியர், மரம்போல நின்ற ஒரு வீரனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வீரனின் உயிர் நூற்றுக்கு நூறு.

அந்த அம்மா மெக்கானிக்கின் சட்டைப்பையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"தலைவரா?" என்றார் மெதுவாக.

"பிளாஸ்திரியா?" என்றார் அவர், அதைவிட மெதுவாக.

மேற்கொண்டு பேச நாத்தனார் விடவில்லை. "அண்ணி!" என்று பாய்ந்து கட்டிக்கொண்டு, பாதித் தண்ணீரை அவர்மேல் கொட்டினார். "எவ்வளவு பயந்திருப்பீங்க! மயக்கமாத்தானே கிடந்தீங்க?"

"ஆமா... லேசா" என்று அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். யாரைக் காப்பாற்றச் சக்கரம் சுற்றினாரோ, அவரே அவ்வளவு நேரமும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மாட்டிக்கொண்ட நிலையிலும், அவசர மணியைக்கூட அடிக்காமல்! இப்படி ஒரு உறுப்பினர் எந்தத் தலைவருக்கு வாய்ப்பார்?

அந்தப் பெருமிதத்தில் மிதந்துகொண்டிருந்தவரின் முன்னால், வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார் செயலாளர்.

"என்ன பழுதுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போய்யா! காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மெக்கானிக் சர்வீஸ் தாளை எடுத்தார். 'பழுதின் காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. மோட்டார் சரியாக இருந்தது. கயிறு சரி, பிரேக் சரி. லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தார். தரையில் ஒரு மடக்கு ஸ்டூல் விரித்து வைத்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், போனுக்கு சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க். பால் வாங்கப் போகிறவர் எதற்கு ஸ்டூல் எடுத்துப் போகிறார் என்று அவருக்குப் புரியவில்லை.

"அம்மா, லிஃப்ட் நிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா? என்ன பழுதுன்னே பிடிபடல."

அந்த அம்மா நாத்தனாரை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தார். ஸ்டூலை மடக்கி எடுக்கும் சாக்கில் மெக்கானிக் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பழுதெல்லாம் ஒண்ணுமில்ல தலைவரே. மூணே முக்காலுக்கு இவங்க ஏழு பேரும் வந்து கதவைத் தட்டிட்டாங்க, நான் சத்தியம் வேற பண்ணியிருந்தேன்... அதான் சிவப்புப் பட்டனை நானே அமுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்."