கயிறு வாங்காத வீரன்

இஷ்டப்படி தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறதே, அது நம் கைக்குக் கிடைக்காதவரை மிக நல்ல விஷயம். எனக்கு அது இருபத்தாறாவது வயதில் கிடைத்தது. தலைநகரின் மயூர் விஹாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் பயன்படுத்தி, பார்வையாளர் முன்னிலையில் மூழ்கிப் போனேன்.

தொண்ணூறுகளில் நானும் என் நண்பன் முரளியும் ஒரு விளையாட்டுக்கு அடிமை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனை ஆசாமியாக மாறி, பகடை உருட்டி, குகைகளுக்குள் புகுந்து பூதங்களோடு மோத வேண்டும். முரளிதான் கதை சொல்பவன். குகையும் அவனுடையது, பூதமும் அவனுடையது, தீர்ப்பும் அவனுடையது. (எங்கள் அப்பாக்கள் வேலை பார்த்த அமைச்சகங்களிலும் இதே ஏற்பாடுதான்.)

அந்த விளையாட்டின் பழைய பதிப்பில் நம் ஆளை நாம் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. பலம், புத்தி, வசீகரம் எல்லாம் பகடை போட்ட பிச்சை. புத்தி குறைவாக விழுந்தால் மந்திரவாதி ஆக முடியாது. குள்ளனாகப் பிறந்தால் எவ்வளவு புத்தி இருந்தாலும் முடியாது. மோதி பாக் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் அநியாயமாகவே படவில்லை. (சின்ன குவார்ட்டர்ஸ் பையனுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் பையன்களின் கிரிக்கெட்டில் ஃபீல்டிங் மட்டும்தான்.)

அப்புறம் புதிய பதிப்பு வந்தது. ஊறுகாய் வாங்கிப்போக லீவில் வந்த யாரோ ஒரு அமெரிக்க உறவினரின் பெட்டியில் அதன் விதிப் புத்தகம் வந்தது. தடைகள் எல்லாம் ரத்து. யாரும் எதுவும் ஆகலாம். ஒரே ஆள் நாலைந்து தொழிலைக் கலந்தும் வைத்துக்கொள்ளலாம். நீச்சல், சமையல், பூட்டு திறப்பது என்று திறமைகளைக் கடையில் பொறுக்குகிற மாதிரி பொறுக்கலாம்.

இதற்குள் முரளியின் தங்கை சுதாவும் எங்களோடு ஆட ஆரம்பித்திருந்தாள். மேஜைக்கு வெளியேயும் அவளுக்கும் எனக்கும் பேச்சு கொஞ்சம் முற்றியிருந்தது.

"சண்டே அப்பா வீட்லதான் இருப்பார். ஹால்லயே ஆடலாம். உன்னைப் பாக்கட்டும். பிடிச்சா நான் பேசறேன்," என்றாள்.

"பிடிக்கலைன்னா?"

"நொய்டாலேர்ந்து ஒரு ஜாதகம் வந்திருக்கு. பையன் நல்லாத்தான் இருக்கான்."

எனவே புதிய பதிப்பில் என் ஆளை உருவாக்க உட்கார்ந்தபோது, நான் உருவாக்கியது ஒரு மாப்பிள்ளையை.

இங்கே என் அப்பாவின் தத்துவத்தைச் சொல்லியாக வேண்டும்: எதுக்கும் இருக்கட்டும். அந்த ஒரு வாக்கியத்தின் பேரில் நான் டைப்பிங், ஷார்ட்ஹேண்ட், ஹிந்தி பரீட்சை, மிருதங்கம், அஞ்சல் வழிக் கணக்கியல் எல்லாம் கற்றவன். எதையும் முடித்தவன் இல்லை. என் ஆளும் அப்படியே பிறந்தான். அவனுக்குக் கிடைத்த ஐந்து தேர்ச்சிப் படிகளையும் புத்தியுள்ளவன் ஒரே தொழிலில் போட்டிருப்பான். நான் வாளில் ஒன்று, மந்திரத்தில் ஒன்று, பூஜையில் ஒன்று, பாட்டில் ஒன்று, திருட்டில் ஒன்று என்று பிரசாதம் மாதிரி பகிர்ந்தேன்.

சுதாவின் அப்பா ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி, திருநெல்வேலிக்காரர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மூன்று அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதி, நகலை மந்திரிக்கு அனுப்புகிறவர். மிக்சர் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒங்க ஆளு என்ன வேலை பாக்கான்?"

"எல்லாம் பார்ப்பான் அங்கிள். சண்டை, மந்திரம், பூஜை, பாட்டு... கொஞ்சம் திருட்டு."

"திருட்டா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு."

"சரி. இதுல எதுல பெர்மனென்ட்?"

நான் மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஒன் ஆளு?"

"குள்ளச்சிப்பா. கோடாலி வெச்சிருக்கா."

"வேற?"

"வேற எதுக்கு?"

குகைக்குள் நுழைந்ததும் குட்டிச்சாத்தான்கள் வந்தன. நான் மந்திரம் போட்டேன். வாள்வீரன் என்ற முறையில் இரும்புக் கவசம் மாட்டியிருந்ததால் கை மடங்காமல் மந்திரம் பிசகியது. தைரியம் வரப் பாடினேன். அதுவரை என்னைக் கவனிக்காத சாத்தான்களும் திரும்பின. திருடனாகப் பதுங்கப் பார்த்தேன். கவசம் பாத்திரக்கடை மாதிரி சத்தம் போட்டது. பின்வாங்கியதில் குழிக்குள் விழுந்தேன். மேலே சுதாவின் கோடாலி எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

"அச்சா, ஜல்தி மேல வா," என்றாள்.

எனக்குத் தெம்பு வந்தது. "கயித்துல முடிச்சுப் போட்டு ஏறிடுவேன். முடிச்சுப் போடறதுக்குன்னே தனித் திறமை எடுத்திருக்கேன்."

"கயிறு எங்கடா?" என்றான் முரளி.

என் ஆளிடம் யாழ் இருந்தது, பூஜை மணி இருந்தது, கள்ளச்சாவிக் கொத்து இருந்தது. கயிறு வாங்கத் தோன்றவில்லை.

அங்கிள் தட்டைக் கீழே வைத்தார். "ஏட்டி, முடிச்சுப் போடத் தெரியுங்கான். கயிறு இல்லங்கான்."

"குழில தண்ணி ஏறுது," என்றான் முரளி. நண்பன்தான்.

"நீச்சலும் தெரியும்டா!"

"இரும்புக் கவசத்தோடயா?"

சுதாவின் குள்ளச்சி கோடாலிக் காம்பை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. அங்கிள் எழுந்து உள்ளே போனார். நான் செருப்பைத் தேடினேன். பஸ்ஸில் மோதி பாக் போய்ச் சேரும்வரை, முகம் தெரியாத அந்த நொய்டாக்காரனுக்கு மனசுக்குள் ஜானவாச ஊர்வலமே நடத்தி முடித்துவிட்டேன்.

மறுநாள் சுதா போன் செய்தாள். அப்பா சொன்னதை அவர் குரலிலேயே சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்த எடத்துல தன் திருட்டையும் சேத்துச் சொல்லுதான். பொய் சொல்லத் தெரியாத பய, கட்டிக்க. ஆனா தனியா எங்கயும் அனுப்பிராத."

தலை தீபாவளிக்கு வேட்டி, மோதிரம் எல்லாம் வைத்த தாம்பாளத்தில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சள் நைலான் கயிறு ஒரு கட்டு இருந்தது. "எதுக்கும் இருக்கட்டும் மாப்ளே," என்றார் மாமனார்.

வீடு மாறிய ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறு எங்களோடு வந்தது. இன்றுவரை அதில் ஒரு முடிச்சுகூடப் போட்டதில்லை. ஊருக்குக் கிளம்பும்போது டிக்கெட் எடுத்தாச்சா என்று சுதா கேட்பதில்லை. கயிறு எடுத்தாச்சா என்றுதான் கேட்பாள்.

இப்போது என் பெண் அதே விளையாட்டின் இன்னும் புதிய பதிப்பை ஆடுகிறாள். போனவாரம் அவள் ஆளை உருவாக்கும்போது, அனுபவஸ்தன் என்ற ஹோதாவில், "முதல்ல கயிறு வாங்கு," என்றேன்.

"வாங்க வேண்டாம்ப்பா. ஆரம்ப மூட்டையிலயே கயிறு குடுத்துடறாங்க."

"எங்க காலத்துல குடுக்கலையே. எப்படி மாத்தினாங்க?"

அவள் தலை நிமிரவில்லை. "தாத்தா லெட்டர் போட்டிருப்பார்."