கபாலாவுக்கு ஒரு நகல்

"கபாலா நகல் ஒண்ணு வேணும் சேட்டா."

பாலகுரு இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். ஷார்ஜா தொழில்பேட்டையில் டயர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே செருகி வைத்தது போலிருந்த அந்த இன்டர்நெட் கடையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மலையாளி மூன்றாவது தடவையாக அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"நகல் எந்நு வெச்சா?"

"காப்பி."

"அது அடுத்த கடை."

"குடிக்கிற காப்பி இல்ல சேட்டா. ஜெராக்ஸ் காப்பி. கபாலாவோட ஜெராக்ஸ்."

விஷயம் இதுதான். பாலகுரு புதுக்கோட்டைக்காரன், லாரி மெக்கானிக். நாலு வருஷமாக அந்தப் பேட்டையில் ஒரு கேரேஜில் வேலை. விசா ஏற்பாடு செய்தது ஊர் ஏஜென்ட்; அதில் அரபியில் யார் பெயர் இருக்கிறது என்று இவனுக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட ஊர்ப்பக்கம் போனதில்லை. லீவு கேட்கும்போதெல்லாம் மானேஜர் கௌஸ் முகைதீன், "அடுத்த மாசம் பாக்கலாம்பா" என்பார். அந்த அடுத்த மாசம் இதுவரை எந்தக் காலண்டரிலும் வரவில்லை. அவன் விமானம் ஏறியபோது மனைவி சங்கீதாவுக்கு ஐந்து மாசம். பிறந்த மகள் அகிலாவுக்கு இப்போது மூன்றரை வயது. அப்பா என்றால் செல்போன் என்றே அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது. மணி அடித்தால், "அம்மா, அப்பா அழுவுது" என்று போனைத் தூக்கிக்கொண்டு ஓடுமாம். சங்கீதா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாலகுருவும் சிரித்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் ராஸ் அல் கைமா கல் குவாரியிலிருந்து ஒரு லாரி பழுதாகி வந்தது. கூடவே குவாரியின் விசா வேலைகளைப் பார்க்கும் ஈசா என்ற சூடான்காரர் வந்தார். மற்றவர்கள் இரண்டு நாள் முழித்த பழுதைப் பாலகுரு முக்கால் மணி நேரத்தில் சரி செய்தான். ஈசா அவனை ஓரமாகக் கூப்பிட்டு, பாதி இந்தி, பாதி அரபியில் ஆசை காட்டினார். குவாரிக்கு வா. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு, டிக்கெட்டோடு.

"மாசக் கடைசிக்குள்ள பாஸ்போர்ட் லாவோ, நகல் கபாலா லாவோ. நஹி தோ தூஸ்ரா ஆத்மி. கலாஸ்!"

இரண்டையும் கொண்டு வராவிட்டால் வேறு ஆளாம். விசா கொடுத்த முதலாளியைக் கபீல் என்பார்கள். ஒரு கபீலிடமிருந்து இன்னொரு கபீலுக்கு மாறுவதற்குத்தான் அரபியில் நகல் கபாலா என்று பெயர். பாலகுருவுக்குத் தெரிந்த அரபி யல்லா, கலாஸ், மாஃபி; அதாவது கிளம்பு, முடிந்தது, இல்லை. அதற்கு மேல் மாஃபி. ஆனால் நகல் என்ற சொல்லை அவன் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற காலத்திலிருந்தே அறிவான். நகல் என்றால் ஜெராக்ஸ். ஆக, கபாலா என்று ஏதோ ஒரு தாள் இருக்கிறது, அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே!

மலையாளி கபாலா என்று தட்டினான். திரை நிறைய வந்து கொட்டியது.

"கபாலா இஷ்டம் போல உண்டு. ஏதா வேண்டே?"

"புதுசா சேர்றவங்களுக்கு உள்ளது."

"பிகினர்ஸ்... ஆங், கொஸ்டின் ஆன்சர் உண்டு. பதினொந்நு பேஜ்."

யூதர்களிடம் கபாலா என்ற பெயரில் பழைய ஞான மார்க்கம் ஒன்று உண்டு. அதில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அகந்தையைப் பற்றியும் ஆன்ம வளர்ச்சியைப் பற்றியும் கேட்ட கேள்விகளும், ஆசான் சொன்ன பதில்களும்தான் அந்தப் பதினோரு பக்கம். இது விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. பாலகுரு தாள்களை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்கு வந்தான்.

அறையில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் துவாரகன். யாழ்ப்பாணத்துப் பையன், உதிரிபாகக் கிடங்கில் கிளார்க். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினான்.

"கேள்வி ஒண்டு. அகந்தை எண்டால் என்ன? பதில், எல்லாத்தையும் தனக்கெண்டு மட்டும் வாங்கிக்கொள்ள நினைக்கிற ஆசை."

"இது கேரேஜ் ரூல்ஸா, கவர்மென்ட் ரூல்ஸா?"

"பொறுங்கோ அண்ணை. கேள்வி ரெண்டு. கீழ் உலகத்தில இருந்து மேல் உலகத்துக்கு நான் எப்பிடி மாறுறது?"

பாலகுரு நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாறுறதுன்னே போட்டிருக்கா?"

"ஓம். அப்பிடித்தான் கிடக்கு."

"மேல் உலகம்னா எது?"

துவாரகன் சுவரில் தொங்கிய வரைபடத்தை யோசனையோடு பார்த்தான். "ஷார்ஜா கீழ கிடக்கு. ராஸ் அல் கைமா மேல கிடக்கு. வேற என்ன?"

பாலகுருவுக்குப் புல்லரித்தது.

"பதில் என்ன சொல்லுதெண்டால், வாங்கிறவன் தன்ர ஆசையை விடோணும். பிறகு குடுக்கிறவர் மாதிரியே ஆகோணும். அப்பத்தான் மாறலாமாம்."

"குடுக்கிறவர் யாரு?"

"உங்களுக்கு விசா குடுத்தது ஆர்? கபீல்தானே?"

"ஏன் துவாரகா, சட்டம் இப்படியா சுத்தி வளைச்சு இருக்கும்?"

"அரபியில இருந்து இங்கிலீசுக்கு மாத்தேக்க இப்பிடித்தான் வரும் அண்ணை. எங்கட கிடங்குக்கு வாற கடிதம் எல்லாம் இதைவிட மோசம்."

மறுநாள் காலை கௌஸ் முகைதீன் எல்லோருக்கும் புது பூட்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர், கஞ்சத்தனத்துக்குப் பெயர் போனவர். அவர் பூட்ஸ் கொடுப்பது ரம்ஜான் பிறை தெரிவது மாதிரி, வருஷத்துக்கு ஒரு நாள்.

"பாலகுரு, எட்டாம் நம்பர்தானே? புடி."

"வேணாம்ணே."

"ஏன்? ஒன்பதா?"

"எனக்குன்னு வாங்கிக்கிற ஆசையையே விட்டுட்டேண்ணே."

கௌஸ் முகைதீன் பூட்ஸைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்த வேகத்தைப் பார்க்க வேண்டும். "மாஷா அல்லாஹ்! நல்ல எண்ணம். ஆமா, வெள்ளிக்கிழமை லீவும் ஒனக்குன்னு வாங்கிக்கிறதுதானே?"

பாலகுரு திருதிருவென்று விழித்தான். "வேற வேலைக்கு மாறிக்க ரிலீஸ் லெட்டர் மட்டும் குடுத்தீங்கன்னா..."

"அதுவும் வாங்கிக்கிறதுதானப்பா! தவிர, அந்த லெட்டர் என்னால தர முடியாது. எத்தனை தடவை சொல்றது?"

ஆக, முதல் கேள்வியிலேயே பூட்ஸும் போயிற்று, வெள்ளிக்கிழமையும் போயிற்று. வெள்ளிக்கிழமைகளில்தான் அவன் அகிலாவோடு போனில் நிதானமாகப் பேசுவான். அறைக்கு வந்தவன் துவாரகனைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா ரூல்ஸு இது? எனக்குக் கோபம்தான் பொத்துக்கிட்டு வருது."

துவாரகன் பக்கங்களைப் புரட்டினான். அவன் முகம் மலர்ந்தது. "அதுவும் இதில கிடக்கு அண்ணை! கேள்வி ஏழு. படிக்கத் தொடங்கின பிறகு என்ர அகந்தை குறையாமல் கூடுதே, ஏன்? பதில், பயப்படாதே, அகந்தை பெருசாகிறது நீ முன்னேறுறாய் எண்டதுக்கு அடையாளம்."

"அப்ப விடச் சொன்னது?"

"அது முதலாம் பக்கம். இது நாலாம் பக்கம்."

பாலகுருவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் மாசக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மறுநாள் வாடிக்கையாளர் நாலு பேர் நிற்கும்போது அகந்தையைப் பெரிதாக்கினான். ஸ்பானரைத் தரையில் போட்டு, "இந்த கேரேஜ்ல என்னை விட்டா மெக்கானிக் உண்டா? நான் கை வைக்கலன்னா இங்க ஒரு வண்டி நகருமா?" என்று முழங்கினான். நாலு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பாலகுருவுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கௌஸ் முகைதீன் கோபப்படவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"உண்மைதான்பா. ஒன்னைய விட்டா ஆள் ஏது? இப்பேர்ப்பட்ட ஆளை நான் எப்படி விடுறது?" என்றவர், வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பி, "எல்லா வண்டியையும் இவர்கிட்டேயே விடுங்க" என்றார்.

அன்றிலிருந்து நாலு பேர் வேலை அவன் தலையில் விழுந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் ஐந்து நாள் லாரிக்கு அடியிலேயே குடியிருந்தான். சங்கீதா போன் செய்தபோதுகூட எடுக்க முடியவில்லை.

"ஏன் போன எடுக்கல?" என்று அப்புறம் கேட்டாள்.

"அகந்தை ஜாஸ்தியாயிருச்சும்மா."

"எதுங்க? டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

அவனால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. அவனுக்கே விளங்கினால்தானே! அழுகை வந்தது. பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு மாசம் கேட்பது அகந்தையா, ஆசையா, எத்தனாம் பக்கத்தில் வரும் என்று அவனுக்குப் புரியவில்லை.

மிச்சமிருந்தது கடைசிப் பாடம் ஒன்றுதான். கொடுக்கிறவர் மாதிரியே ஆவது. கேரேஜ் முதலாளியான அர்பாபை அவன் நாலு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பான். கணுக்கால் வரை தொங்கும் வெள்ளைக் கந்தூரா அங்கி போட்டுக்கொண்டு வருவார். நாற்காலியில் உட்காருவார். "யல்லா" என்பார். போய்விடுவார்.

"அது கஷ்டமில்லையே" என்றான் துவாரகன்.

இருபத்தொன்பதாம் தேதி காலை, பத்து திர்ஹம் சந்தையில் வாங்கிய கந்தூராவும் தலைத்துண்டுமாகப் பாலகுரு கேரேஜுக்குள் நுழைந்தான். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே லாரிக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கௌஸ் முகைதீன், வெள்ளை விளிம்பைக் கண்டதும் தலையை இடித்துக்கொண்டு எழுந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அர்பாப்!" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அவர் மூக்குக்கண்ணாடி தலைமேல் ஏறியிருந்தது. டீ சொல்லி ஆள் அனுப்பினார். மின்விசிறியைத் திருப்பி வைத்தார். குனிந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பாலகுரு உட்கார்ந்தான். கொடுக்கிறவர் என்ன சொல்வாரோ அதைச் சொன்னான்.

"யல்லா."

அந்த யல்லாவில் புதுக்கோட்டை வாடை அடித்தது. கௌஸ் முகைதீன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"அட பாவி! அசல் அர்பாப் பத்து மணிக்கு வர்றாருடா! இந்தக் கோலத்துல பாத்தா ஒன்னையும் என்னையும் சேத்து ஊருக்கு ஏத்திருவாரு!"

"அண்ணே, நான் குடுக்கிறவர் மாதிரியே ஆயிட்டேன். இனி மாறலாம்னு பதினோரு பக்கத்துல போட்டிருக்கு."

கௌஸ் முகைதீனுக்கு அவன் மூளை கலங்கிவிட்டது என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஓடிப் போய் அலமாரியைத் திறந்து, வேலைக்குச் சேர்ந்த நாளில் வாங்கி வைத்த அவன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து அவன் மடியில் வீசினார்.

"போ! மேல் உலகமோ கீழ் உலகமோ, எங்க வேணா போ! லெட்டர் மட்டும் கேக்காத. அது என் கையில இல்ல!"

பாலகுரு பாஸ்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கபாலா பலித்துவிட்டது. பதினோரு பக்கத்தையும் ஒன்றுவிடாமல் கும்பிட்டான்.

மறுநாள், மாசக் கடைசி. ராஸ் அல் கைமா குவாரி ஆபீசில் ஈசா இல்லை, வெளியே போயிருந்தார். மேஜைக்குப் பின்னால் இராமநாதபுரத்து சதக்கத்துல்லா உட்கார்ந்திருந்தார். பாலகுரு பாஸ்போர்ட்டை வைத்தான். அதன்மேல் தாள்களை அடுக்கி வைத்தான்.

"நகல் கபாலா கொண்டாந்திருக்கேண்ணே."

சதக்கத்துல்லா முதல் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தை வாசித்தார். அப்புறம் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்.

"தம்பி, நகல்னா இங்க ஜெராக்ஸ் இல்ல. மாறுறது. கபீல் மாறுறதுக்கு லெட்டர் கேட்டிருக்காக. இது யாரோ சாமியார் வழியால்ல இருக்கு!"

பாலகுரு தாள்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பூட்ஸ் போனது, வெள்ளிக்கிழமை போனது, இப்போது வேலையும் போயிற்று. வெளியே கல் உடைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, லெட்டர் தர முடியாதுன்னுட்டாங்க. என்ன வேலைன்னாலும் செய்யறேன். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு மட்டும் குடுங்க. எம்புள்ளைய நான் பாத்ததே இல்லண்ணே."

சதக்கத்துல்லா சிரிப்பை நிறுத்திவிட்டார். பாஸ்போர்ட்டைத் திறந்து, விசா ஒட்டிய பக்கத்தில் அரபியில் இருந்த கபீல் பெயரைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு தடித்த ரிஜிஸ்தரை எடுத்து வந்து தூசி தட்டினார். விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். அவனைப் பார்த்தார். மறுபடியும் ரிஜிஸ்தரைப் பார்த்தார்.

"இன்னும் என்ன லீவு கேக்குறே தம்பி? ஒன் விசாவே நம்ம குவாரி விசாதான், இந்த ரிஜிஸ்தர்ல நீ நாலு வருஷமா லீவுலதானே இருக்கே!"