என்னைக் கொன்றது யார் என்று தந்தி அடி

ஹார்ன்பீம் மாளிகை,
ஷ்ராப்ஷயர்,
நவம்பர் 1931

அன்புள்ள ஓஸ்வினுக்கு,

பெரியப்பாவின் ஆசிகள். லண்டன் பனிமூட்டத்தில் நீ இருமாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன் துப்பறியும் நாவலின் மூன்றாம் அத்தியாயத்திலேயே என்னைக் கொன்றுவிட்டாய்.

பெயரை மாற்றினால் தெரியாதா? அதே முழங்கால் வலி, அதே கிழட்டு வேட்டைநாய். செத்த பிரபு நானேதான். சாவைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விருந்து முடிந்ததும் போர்ட் ஒயின் குடுவையை வலப்பக்கமாகச் சுற்றவிட்டிருக்கிறாயே! நம் மேஜையில் என்றைக்கும் இடப்பக்கம்தான் போகும். வலப்பக்கம் வந்த ஒயினைக் குடித்தவன் செத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

சனிக்கிழமை விருந்தில் என் மாப்பிள்ளை பெரிக்ரின் அதேபோல் குடுவையைத் தன் வலப்பக்கம் இருந்த என்னிடம் நீட்டினார்.

"என்ன மாப்பிள்ளை, இந்தப் பக்கம் வருது?"

"சும்மா மாமா, நாவல்ல வர்ற மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் உன் அத்தை ஹொனோரியா சூப்பை என் பக்கம் தள்ளி, "குடிண்ணா, ஆறிப்போகுது" என்றாள். என் சூப் ஆறுவதைப் பற்றி அவள் என்றைக்குக் கவலைப்பட்டாள்?

"நீ முதல்ல குடி."

"எனக்கு வெங்காயம் ஒத்துக்காதுன்னு தெரியாதா? புஸ்தகம் படிச்சே மூளை கலங்கிடுச்சு உனக்கு!"

உன் நாவலில் வரும் தங்கையும் இதையேதான் சொல்கிறாள்.

நான் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டு நூலகத்தில் நானாகவே படித்தவன். ஆர்செனிக் விஷத்துக்குச் சுவை கிடையாது என்று எனக்குத் தெரியும். நம் சமையல்காரி சமைப்பதற்கும் சுவை கிடையாது. பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதனால் வீட்டுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன். நீ தபாலில் அனுப்பிய இஞ்சி பிஸ்கட்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

கடைசி அத்தியாயத்தை முன்னால் புரட்டிப் பார்ப்பது ஈனத்தனம், செய்யமாட்டேன். எழுதியவனையே கேட்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை மறுபடி இவர்களோடு சாப்பிட உட்கார வேண்டும். என்னைக் கொன்றது யார் என்று உடனே தந்தி அடி. எனக்கு மகன் இல்லாததால் எனக்குப் பின் பட்டமும் மாளிகையும் உனக்குத்தானே, என் மேல் உன்னைவிட அக்கறை யாருக்கு இருக்கும்? கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள். நீடு வாழ்க.

உன் பெரியப்பா,
ஹார்ன்பீம்

பி.கு.: உன் அத்தை என் அறைக் கதவுக்கு வெளியே நின்று கடைசி அத்தியாயத்தை உரக்கப் படித்துவிட்டாள். ஒயினில் ஒன்றுமே இல்லையாமே! கொன்றது தபாலில் பிஸ்கட் அனுப்பிய தம்பி மகன்தானாம்! டப்பாவில் மூன்றுதான் மிச்சம். தந்தி வேண்டாம். அடுத்த ரயிலில் வந்து, என் கண்ணெதிரே அந்த மூன்றையும் தின்று காட்டு. அதுவரை ஹொனோரியாவின் சூப்பைக் குடித்துக்கொண்டிருப்பேன்.