ரேடியேட்டர் மருந்து

எரியோட்டு எல்லையைத் தொடுவதற்குள் ஆண்டிச்சாமியின் கார் மூன்றாவது முறையாகக் கொதித்து நின்றது. முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்ப, டிரைவர் இஞ்ஞாசி வாளியைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனான்.

ஆண்டிச்சாமிக்கு மானம் போனது. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். காரில் போனால்தான் வேட்பாளர் என்று மதிப்பார்கள் என்றே அந்தப் பழைய சீமைக் காரை வாங்கியிருந்தார். எதிர்த்து நிற்கும் இருதயநாதனோ ஜீப்பில் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தார். இவர் ஊருக்கு ஊர் தண்ணீர் கேட்டு, எஞ்சின் ஆறும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். பொழுது போகாமல் அங்கிருப்பவர்களிடம் மழை, மாட்டுச் சீக்கு, மகள் கல்யாணம் என்று எதையாவது விசாரித்துத் தொலைத்தார்.

“ரேடியேட்டர் ஒழுகுது மொதலாளி. மஞ்சத்தூளப் போட்டா அடைச்சுக்கிரும்” என்றான் இஞ்ஞாசி.

அரைப்படி மஞ்சள் தூள் உள்ளே போனது. ஒழுகல் நின்றது; கூடவே உள்ளே தண்ணீர் ஓடுவதும் நின்றது. அடுத்த ஊரில் மூடியைத் திறந்ததும் மஞ்சள் குழம்பு பீறிட்டு வேட்பாளரைக் குளிப்பாட்டியது. மாயம்மாள் என்பவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு புருஷனுடைய சட்டையைக் கொடுத்தாள், கம்மங்கூழும் ஊற்றினாள். ஒட்டுப்போட்ட அந்தச் சட்டையோடு ஓட்டுக் கேட்டதை ஆண்டிச்சாமி வீட்டில்கூடச் சொல்லவில்லை.

மஞ்சள் அடைப்பை எடுக்கச் சீயக்காய் போடலாம் என்றார் மண்டிக் கணக்குப்பிள்ளை. போட்டார்கள். வேடசந்தூர்ச் சாலையில் கார் நுரை தள்ளியது. கழுவக் கழுவ நுரை பெருகியது. வாளி வாளியாகத் தண்ணீர் வேண்டியிருந்ததால் வேட்பாளரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர்ப் பெண்களோடு சேர்ந்து நீர் இறைத்தார். கை கொப்பளித்தது. அவர்கள் சிரித்த சிரிப்பில் தன் ஓட்டெல்லாம் கரைந்துபோனதாக அவருக்குத் தோன்றியது.

“இனி ஒரு ஊர்ல வண்டி நின்னுச்சு, நீ வேற மொதலாளியப் பாத்துக்க” என்று இஞ்ஞாசியிடம் சொல்லிவிட்டார்.

அவன் மதுரைக்கே போய்வந்தான். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒழுகலை ஒட்டவைத்து, அங்கே கார் சாமான் கடைக்காரர் கொடுத்த பச்சை நிற மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினான். கொதிப்பும் வராது, துருவும் பிடிக்காது என்பது கடைக்காரர் வாக்கு.

வாக்குப் பலித்தது. பிரச்சாரத்தின் கடைசிச் சுற்றில் கார் எங்கேயும் நிற்கவில்லை. ஆண்டிச்சாமி ரோஜா மாலையோடு பின் சீட்டில் சாய்ந்தபடி, ஓடும் காரிலிருந்தே எல்லா ஊரையும் ஒரே கும்பிடாகக் கும்பிட்டு முடித்தார். இப்போதுதான் தாம் ஒரு வேட்பாளர் என்ற நிறைவு அவருக்கு வந்தது.

ஓட்டு எண்ணினார்கள். டெபாசிட்டும் போயிற்று.

ஒரு வாரம் கழித்து, அவர் நீர் இறைத்த ஊரிலிருந்து பொன்னழகு என்ற சம்சாரி வெங்காய மூட்டையோடு மண்டிக்கு வந்தார். உங்கள் ஊரில்கூட எனக்கு நாலு ஓட்டு விழவில்லையே என்று ஆண்டிச்சாமி கேட்டேவிட்டார்.

பொன்னழகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சங்கடத்தோடு சொன்னார்: “உங்களுக்குத்தான் போடணும்னு ஊரே தண்ணிக் குடத்தோட ரோட்டுல காத்துக் கெடந்தோம் மொதலாளி, நிக்காமப் போன காரு உங்க காரா இருக்காது, நீங்க வெலகிட்டீக போலன்னு நெனச்சு, ஜீப்புக்காரருக்கே போட்டுட்டோம்.”